பீரோவுக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர்

அந்த வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'அடுத்தமாசம்'. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற உத்தியோகம். வீடு வீடாகப் போய், குனிந்து, கண்ணாடிக்குள் இருக்கிற எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடக்க வேண்டும். குழாயில் வருவது தண்ணீரா சாக்கடையா என்பது அவர் இலாகா இல்லை. இருபது வருஷம் எண்ணை மட்டுமே பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? செருப்பு வார் அறுந்தால் ஊக்கு மாட்டிக்கொண்டு நடப்பார், அடுத்த மாசம் விலை இறங்குமாம். இதைத் தன் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கட்டட வரைபடம் போடுகிறவள். ஒரு பெண் பொறியாளரின் ஆபீஸில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். படிக்கட்டு எங்கே திரும்பினால் தலை இடிக்கும் என்பதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து ஒரு பக்கம் வராமல் போனதும் அந்த ஒன்பது வருஷம் ஒரே வாரத்தில் முடிந்தது. அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். யார் செய்வது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே அது அவள் தலையில் வந்து விழுந்தது.

பொறியாளர் அம்மா அவளை விட மனசில்லாமல் ஒரு வழி சொன்னார். "வீட்டுலேருந்தே வரைஞ்சு அனுப்பும்மா. நம்ம டிராயிங்கையெல்லாம் திறந்தா திணறாத மாதிரி ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வாங்கிடு. வருஷக் கடைசி வரைக்கும் உன் இடத்தை வச்சிருக்கேன்." பத்து மாதம் இருந்தது. அவள் கையில் சேமிப்பும் இருந்தது. அன்றைக்கே கடைக்குப் போயிருந்தால் மறுநாள் வேலை ஆரம்பித்திருக்கும்.

"கடைலயா? ரெடிமேடா?" என்று கணவர் சிரித்த சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை. "அதெல்லாம் விவரம் தெரியாதவன் பண்ற வேலை. கேபினெட், போர்டு, ராம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு. எது எப்ப அடிமட்டத்துக்கு வருதோ அப்ப அதைத் தூக்கணும். பாதி விலைல முடிச்சு நானே மாட்டித் தரேன், பாரு."

பார்த்தாள். நம்பவும் செய்தாள். அந்த முட்டாள்தனத்துக்கு அவள் யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்த நாளே ஒரு நீள நோட்டு வந்தது. ஒரு பாகத்துக்கு ஒரு பக்கம். தினமும் காலையில் பல் தேய்க்குமுன் போனில் விலையைப் பார்த்து நோட்டில் ஒரு புள்ளி வைப்பார், நேற்றைய புள்ளியோடு கோடு போட்டு இணைப்பார். கோடு இறங்கினால் காப்பியில் சர்க்கரை இல்லாதது தெரியாது. ஏறினால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் காத்திருந்து முதலில் வாங்கியது மதர்போர்டு. அதன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அழகைப் பார்க்க வேண்டும், ஏதோ போரில் ஜெயித்து வந்தவர் மாதிரி.

"பிரிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சேரட்டும். ஒரே நாள்ல பிரிக்கலாம். சீல் உடைஞ்சா மதிப்பு போயிடும்."

பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியது. இரண்டு மாதம் கழித்து கேபினெட் ஏறியது. அப்புறம் ராம். பவர் சப்ளை வந்தபோது மேலே இடமில்லாமல் பழைய சூட்கேஸ் கீழே இறங்கியது. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டிகளைத் தூசி தட்டுவது அவள் வேலை. ஒரு கட்டடத்தையே காகிதத்தில் நிறுத்தத் தெரிந்தவள், திறக்காத அட்டைப் பெட்டிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஆத்திரம் வரும். ஆத்திரம் வந்தால் மாமனார் அறைக்குப் போய் அவர் துண்டை ஓங்கி உதறி மடிப்பாள்.

மாமனாருக்கு உடம்புதான் பாதி போயிருந்தது, நாக்கு முழுசாக இருந்தது. "என்னம்மா, உன் பெட்டி வந்துச்சா?" என்பார்.

"விலை இறங்கணுமாம் மாமா."

"இவன் பொறக்கறப்பவே பத்து நாள் தள்ளித்தான் பொறந்தான். அன்னிக்கே ஆஸ்பத்திரில ஏதோ தள்ளுபடிக்குக் காத்திருந்திருக்கான்."

அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் தேதி ஞாபகம் வரும்.

கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர்தான் பாக்கி. எட்டாவது மாதம் அது இறங்கவில்லை. ஒன்பதாவது மாதம் ஏறியது. கடைசி மாதத்தில் பாதி போன பிறகு அவள் பொறுமை காற்றில் பறந்தது. "இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள மெஷின் ஓடணும். இல்லேன்னா திங்கக்கெழமை நான் கடைக்குப் போயிடுவேன்." அவர் முகம் கறுத்தது. ரெடிமேடு வாங்கிவிடுவாளே என்ற பயம்தான். நல்ல வேளையாக, அவர் கணக்கில் நல்ல வேளையாக, அந்த வெள்ளிக்கிழமை கோடு தடாலென்று விழுந்தது. "பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். சனிக்கிழமை சாயங்காலம் பிராசசர் வந்து இறங்கியது.

ஞாயிறு காலை கூடத்தில் பழைய போர்வையை விரித்து எல்லாப் பெட்டிகளையும் இறக்கினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். மதர்போர்டை வெளியே எடுத்து, அதன் நடுவே இருந்த சதுரத்தின் கொக்கியைத் தூக்கி, பிராசசரை அதன்மேல் வைத்தார். அது உட்காரவில்லை. திருப்பி வைத்தார். மறுபடி திருப்பினார். ஒரு சின்னத் துண்டுக்கு நாலு பக்கம்தான் இருக்கும், அவர் எட்டு தடவை திருப்பினார்.

"அழுத்தாதீங்க" என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பெட்டிகளையும் எடுத்து ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். அளவு படிப்பது அவள் தொழில். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "போர்டு பழைய மாடலுக்கு. இது புது மாடல். ஓட்டையும் காலும் ஏழாம் பொருத்தம். இது இதுல எந்தக் காலத்துலயும் உட்காராது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நோட்டை இழுத்துப் புரட்டினார். அவளும் எட்டிப் பார்த்தாள். போர்டுக்கு ஒரு பக்கம், பிராசசருக்கு ஒரு பக்கம், அழகழகான கோடுகள். எதோடு எது சேரும் என்று ஒரு பக்கத்தில்கூட ஒரு வரி இல்லை. பத்து மாதமாக அந்த மனுஷர் கம்ப்யூட்டர் கட்டவே இல்லை, விலையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போர்டு எந்த மாடலுக்கு என்பதைப் பெட்டியிலேயே படித்திருக்கலாம். அவளும்தான் படிக்கவில்லை, தூசி தட்டினாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போர்டைத் திருப்பித் தர முடியாதா?"

"வாங்கி எட்டு மாசத்துக்கு மேல ஆச்சே... பரவால்ல. புது போர்டு வாங்கிடலாம். இப்பதான் மார்க்கெட்டுக்கு வந்திருக்கு, கொஞ்ச நாள்ல இறங்கும்." சொல்லிக்கொண்டே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி ஸ்கேலைத் தேடினார்.

அவள் எழுந்து போய்ப் பொறியாளர் அம்மாவுக்குப் போன் போட்டாள். இன்னும் ஒரே ஒரு வாரம் கேட்கலாம் என்று நினைத்தாள்.

"எந்த வேலைம்மா?" என்றார் அந்த அம்மா. "நாலு மாசம் முன்னாடி உன் வீட்டுக்காரர் போன் பண்ணாரே. வருஷம் பொறந்து மூணு மாசம் தள்ளிக்கலாமா, அப்பதான் விலை இறங்கும்னு. நீதான் கேக்கச் சொன்னதா சொன்னார். அவ்ளோ நாள் தாங்காதுங்க, வேற ஆள் போட்டுக்கறேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேனே. நீயும் ஒரு வார்த்தை பேசலையேன்னு எனக்கு வருத்தம்கூட."

கூடத்தில் அவர் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுகிற சத்தம் கேட்டது.

"இருக்கியாம்மா? வீட்டுலேருந்து பண்ற மாதிரி இப்ப ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல ஒரு சீட் காலி. மாமனாரை வச்சுக்கிட்டு உன்னால முடியாது..."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒன்பது மணிக்கு."

"வரேன் மேடம்."

போனை வைத்துவிட்டு வந்து அவர் எதிரே நின்றாள். "வேலை போயிடுச்சுன்னு நாலு மாசமா உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலை நிமிரவில்லை. "சொன்னா நீ கம்ப்யூட்டரே வேணாம்னுடுவ. பாதி பார்ட் வாங்கியாச்சு. நடுவுல எப்படி விடறது?"

இத்தனை வருஷத்தில் அவர்மேல் கோபம் வந்திருக்கிறது, எரிச்சல் வந்திருக்கிறது, சில நாள் பாவமாகவும் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவற்றில் ஒன்றும் வரவில்லை. போர்வையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஆளை, தெருவில் எதிரே வருகிற யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நாளைலேருந்து நான் ஆபீஸ் போறேன். நீங்க லீவு போடுங்க" என்றாள்.

"அப்பாவை யார் பாத்துப்பா?"

"உங்க அப்பாதானே."

திங்கள் காலை எட்டு மணிக்கு மாமனார் கட்டில் பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தையும் இரண்டு துண்டையும் வைத்தாள். தோளில் எங்கே பிடிக்க வேண்டும், இடுப்பில் எங்கே தாங்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டினாள். கணவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் போனை எடுத்தார்.

"இதுக்குன்னே ஆள் அனுப்புறாங்களாம். நாலு இடத்துல விசாரிச்சா ரேட்டு தெரிஞ்சுடும். ஒரு வாரம் பொறுத்துப் பாத்தோம்னா..."

மாமனார் கட்டிலிலிருந்து மகனை மேலும் கீழும் பார்த்தார். கிழவர் குரலில் நக்கல் இல்லை, முதல் முறையாகப் பயம் இருந்தது. "படுக்கை நனைஞ்சு போச்சுடா" என்றார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.