அம்மா கம்பெனியும் நோட்டக்காவும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த ஆபீசில் அவளுக்கு நோட்டக்கா என்றுதான் பெயர். போன் மேசை அவளுடையது. எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், வெளிநாட்டிலிருக்கும் தாய் கம்பெனியின் நிபுணரை போனில் பிடிப்பாள். அவர் சொல்லச் சொல்ல இங்குள்ள மெக்கானிக்கிடம் சொல்வாள். பிறகு எந்தக் கட்டடம், எத்தனை மணி, யார் பேசினார், என்ன சொன்னார் என்று கோடுபோட்ட நீள நோட்டில் எழுதிவைப்பாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். ஆறு வருடத்தில் ஒன்பது நோட்டு.

அந்த உதவிக்குத் தாய் கம்பெனி வருடாவருடம் கட்டணம் வாங்கும். அங்கேதான் வந்தது வினை. உதவியாவது மண்ணாவது, லாபத்தை வரி கட்டாமல் அம்மா வீட்டுக்கு அனுப்ப இது ஒரு சாக்கு என்று வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆறு வருடத்துக்கும் வரி, அதற்கு மேல் அபராதம். கட்டினால் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான். நாற்பத்திரண்டு பேர் தெருவில் நிற்பார்கள். ஆடிட்டரிடம் ஒப்பந்தமும் பில்லும் கட்டுக்கட்டாக இருந்தன. உதவி வந்து சேர்ந்ததற்கு ஆதாரம்தான் இல்லை.

நோட்டைக் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். கொடுத்திருப்பாள் மகராசி. ஆனால் மனதில் பட்டதையெல்லாம் அதிலேயே எழுதித் தொலைத்திருந்தாளே! ‘மேனேஜர் இன்றும் சிடுசிடு. வீட்டில் சோறு போடவில்லை போல.’ ‘முசுடு கதவை அறைந்தது.’ இப்படிப் பத்திருபது இடம். மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை.

இரண்டு குழந்தைக்குத் தகப்பனான மெக்கானிக் ஒருவர் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஒன்பது நோட்டையும் மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

நோட்டுகளைப் பார்த்த ஆடிட்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறை. தாய் கம்பெனி போனையே எடுக்காத நாட்களையும் எழுதியிருந்தாள், பதினேழு நாள். அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துவிடலாம் என்றார்.

“ஒரு பக்கம் கிழிச்சாலும் மிச்சமெல்லாம் பொய்யாயிடும் சார்,” என்றாள் நோட்டக்கா.

விசாரணையன்று வரி அதிகாரி சரியாக அந்தப் பக்கங்களில்தான் வந்து நின்றார். அம்மாவே போனை எடுக்கவில்லையா என்று அவளைக் கேட்டார்.

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே சார். எடுக்காத அன்னிக்கு எடுக்கலைன்னு எழுதினேன். எடுத்த அன்னிக்கு எடுத்தாங்கன்னு எழுதினேன்.”

அதிகாரி நோட்டுகளை வாங்கிவைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. எடுக்காத நாட்களின் பங்கைக் கழித்தது போக மீதிக் கட்டணம் நியாயமானதே. ஆபீஸ் பிழைத்தது.

நோட்டுகள் மேனேஜரிடம் திரும்பி வந்து, ஒரு வாரம் அங்கே கிடந்து, பிறகுதான் அவள் மேசைக்கு வந்தன. பயந்துகொண்டே புரட்டினாள். அவரைத் திட்டிய இடங்களிலெல்லாம் ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து. ‘அன்று பல்வலி.’ அடுத்த பக்கத்தில், ‘அன்றும் பல்வலி.’ அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவை அறைந்த நாளுக்கு நேரே நாலு வரி இருந்தது. ‘ஆபீசை மூடிவிடலாம் என்று தாய் கம்பெனி கடிதம் போட்டிருந்தது. கூடாது என்று சண்டை போட்டேன். உங்களிடமெல்லாம் சொல்ல மனம் வரவில்லை.’

நோட்டக்கா அழுதுவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். முசுடு என்பதை அடிக்கவில்லை. எழுதியதை அடிப்பது அவள் வழக்கமில்லை. அதன் கீழே எழுதினாள்: ‘இது எனக்குத் தெரியாமல் போயிற்று.’