ஓம் மிஸி

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்; அங்கே இன்னும் நோயாளிகள் படுக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், அவ்வளவு போதும். பேய் இரவில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் தாராளமாக நம்பட்டும். இது வந்தது பட்டப்பகலில். மத்தியானம் சரியாக இரண்டு பத்துக்கு.

2004, ஆடி மாதம். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளர் பாதுகாப்பு வாரம் நடத்தச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கூடவே ஒரு பெட்டி பிளாஸ்ரிக் கைப்பட்டிகள். அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் அப்படியொன்றைக் கண்டதே இல்லை. நோயாளியின் பெயரை எழுதி மணிக்கட்டில் கட்ட வேண்டும். மருந்து கொடுக்க முன்னர் நோயாளியே தன் பெயரைச் சொல்ல வேண்டும். "நீங்கள் இன்னாரோ?" என்று தாதி கேட்கவே கூடாது.

எங்கள் சனத்துக்கு அது தேவைதான். இராணுவச் சோதனைச் சாவடியில் எதைக் கேட்டாலும் "ஓம் ஐயா" சொல்லிப் பழகிய வாய்கள். அங்கே தாதியை மிஸி என்பார்கள். மிஸி கேட்டால் மட்டும் இல்லை என்று வருமா? அதற்கும் "ஓம் மிஸி"தான்.

வாரத்துக்குப் பொறுப்பு சறோஜினிதேவி மிஸி. புளியங்கூடல்காரி. நிமிர்ந்த நடை, நறுக்கென்ற பேச்சு. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருவார்கள். அவர்கள் மனம் குளிர்ந்தால் யாழ்ப்பாணத்தில் தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேற்றன் பதவி அவருக்குத்தான். "பெயரை நோயாளி சொல்லட்டும்" என்று பதாகையை அவரே முத்து முத்தாக எழுதினார். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஏனென்றால், 1998 இல் அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் ஐந்தாம் கட்டிலில் யோகம்மா, ஆறாம் கட்டிலில் மண்டைதீவு அல்போன்சம்மா. யோகம்மாவுக்குத்தான் பெனிசிலின் ஊசி. அல்போன்சம்மாவின் மருந்துச் சீட்டில் டொக்டர் தியாகலிங்கம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: பெனிசிலின் ஒத்துவராது. மிஸி சீட்டையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ஆறாம் கட்டிலருகே நின்று, "யோகம்மாவோ?" என்றார். அரைத்தூக்கத்தில் கிடந்த அல்போன்சம்மா, "ஓம் மிஸி" என்றாள். ஊசி ஏறியது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, மூச்சுக்குத் தவித்து, இரண்டு பத்துக்குச் செத்துப்போனாள்.

பிழை யாருக்கும் வரும். ஆனால் மிஸி அதோடு நிற்கவில்லை. சிவப்பெழுத்துச் சீட்டைக் கிழித்து எரித்தார். வாட்டில் கூட்டித் துடைத்த றோஸ்தான் இரண்டு பேரையும் கட்டில் மாற்றிப் படுக்க வைத்தாள் என்று எழுதிக் கொடுத்தார். றோஸுக்கு வேலை போனது. மாதா கோயிலில் அவள் பக்கத்தில் இருக்கவும் ஆளில்லை. டொக்டரோ, எழுதினேனா, எழுத மறந்தேனா என்று ஆறு வருடமாய்த் தன்னையே தின்றுகொண்டிருந்தார். மிஸி நன்றாகத் தூங்கினார். ஆறாம் கட்டிலில் மட்டும் யாரையும் படுக்க விடமாட்டார். மெத்தை சரியில்லையாம்.

திங்கள், இரண்டு பத்து. நாலாம் கட்டிலில் இருந்த மேரிஜோசப்பினிடம் பெயரைக் கேட்டார்.

"மிஸிக்கு என்ர பேர் தெரியாதே? போன மாசமும் வந்து கிடந்தனான்."

"சட்டம் அக்கா. சொல்லுங்கோ."

மேரிஜோசப்பின் வாய் திறக்கும் முன்னே, பின்னாலிருந்து ஒரு குரல். "ஓம் மிஸி..."

திரும்பினார். யாரும் இல்லை. சோளகம் ஜன்னலைத் தட்டுகிறது என்று நினைத்தார்.

செவ்வாய், இரண்டு பத்து. அன்று எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. சும்மா வாட்டைக் கடந்து போனார். "ஓம் மிஸி..." ஆறாம் கட்டில் பக்கம். தலையணையில் ஒரு பள்ளம். தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

புதன். கைப்பட்டி கட்டும் நாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராய் எழுப்பி, பெயர் கேட்டு, எழுதி, கட்டி முடித்தார். நிமிர்ந்தார்.

ஆறாம் கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள்.

தலைவரை போர்வை. சுவர்ப்பக்கம் முகம்.

சுவர் மணிக்கூடு... இரண்டு ஒன்பது.

புதிதாய் யாரையோ படுக்க வைத்திருக்கிறார்கள் என்று மிஸிக்கு எரிச்சல் வந்தது. பட்டியோடு போனார்.

"உங்கட பேர் என்ன?"

மூச்சு மட்டும். கர்... கர்... என்று, அடைபட்ட மூச்சு.

"பேரைச் சொல்லுங்கோ."

"யோகம்மா."

மிஸியின் கையிலிருந்து பேனா விழுந்தது.

"அப்பிடியெண்டு நீர்தானே சொன்னனீர்."

நீர். எந்த நோயாளியும் மிஸியை நீங்கள் என்பதை விட்டு நீர் என்றதில்லை.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. தடித்து... சிவந்து... மிஸியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஊசி போட்டது நீரோ?"

இல்லை என்று சொல்லத்தான் மிஸி வாயைத் திறந்தார்.

"ஓம்."

"சீட்டைக் கிழிச்சது நீரோ?"

"ஓம்."

"றோஸில பழி போட்டது?"

"ஓம்... ஓம்..."

டிக்.

இரண்டு பத்து.

வெறும் கட்டிலைப் பார்த்து "ஓம், ஓம்" என்றபடி மிஸி நின்றதைத்தான் மேரிஜோசப்பின் கண்டார். பிடித்து உலுக்கி, "மிஸி, சுகமில்லையோ?" என்றார். "ஓம்" என்றார் மிஸி. வேறு சொல் எதுவும் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. களைப்பு என்றார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கால்கள் தாமாகவே அவரைக் கொண்டுபோயின. அதிகாரி ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "இஞ்சை எப்பவாவது பிழை ஏதும் நடந்ததோ?"

"ஓம்."

டொக்டர் தியாகலிங்கம் மெல்ல எழுந்தார்.

"அல்போன்சம்மாவின்ர அலுவலோ?"

"ஓம்."

"றோஸ் கட்டில் மாத்தினதெண்டது பொய்யோ?"

மிஸி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். விரல்களுக்குள்ளால் வந்தது.

"ஓம்."

விசாரணை வந்தது. றோஸுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மிஸிக்கு மேற்றன் பதவியும் இல்லை, உள்ள வேலையும் இல்லை. புளியங்கூடலில்தான் இருக்கிறார். சாப்பிட்டீரோ என்றாலும் ஓம், பசிக்குதோ என்றாலும் ஓம். பாவம் என்கிறார்கள் சிலர். றோஸ் அப்படிச் சொல்வதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

பிறகுதான் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. கூட்டம் முடிந்த அன்றே டொக்டர் மிஸியைச் சோதித்தார். நாடியைப் பார்க்கச் சட்டைக் கையை உயர்த்தியபோது, மணிக்கட்டில் ஒரு பிளாஸ்ரிக் பட்டி. யாரும் கட்டவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். வெளிப்பக்கத்தில் அல்போன்சம்மாவின் பெயர். உள்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: பெனிசிலின் ஒத்துவராது.

கீழே திகதி. 1998.

டொக்டரின் விரலில் சிவப்பு ஒட்டியது. மை இன்னும் காயவில்லை. ஆளனுப்பி றோஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது என்ர எழுத்து," என்றார். "நான் எழுதினனான், பிள்ளை. நான் எழுதித்தான் இருக்கிறன்."