விருந்தாளி ஓடுகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பூச்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பார்ப்பது பூச்சிகளை அல்ல; பழைய கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளை. கடுகைவிடச் சிறியவை. அந்தப் பெயரைத் திருத்தித் திருத்தி வாய் ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் தொலைபேசியை எடுத்ததும் அவளே, "பூச்சியக்கா பேசுறேன்" என்று சொல்லிவிடுவாள்.

வேலையை விளக்குவது எளிது, செய்வதுதான் முதுகை ஒடிக்கும். ஆழ்துளை போட்டுத் தரைக்கடியிலிருந்து எடுத்த மண்ணை ஊறவைத்து, சல்லடையில் அலசி, காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஓடு ஓடாகப் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு வகை உயிரும் ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் அற்றுப்போனது. ஆகவே தொலைவிலிருக்கும் இரண்டு துளைகளில் ஒரே வகைகள் சேர்ந்து கிடைத்தால், இரண்டு மண்ணும் ஒரே காலத்தவை. நிறத்தை நம்ப முடியாது. ஒரே சாம்பல் நிறக் களிமண் யுகம் விட்டு யுகம் படிந்திருக்கிறது.

இந்த முறை சிக்கலே அந்தச் சாம்பல் நிறத்தால்தான். ஊருக்குத் தண்ணீர் தேடிப் போட்ட முதல் துளையில் வரிசை தெளிவாக இருந்தது: மேலே களிமண், அதன் கீழே நீர் நிறைந்த சுண்ணாம்புப் பாறை, அதற்கும் கீழே மறுபடி களிமண். ஊரின் மறுகோடியில் போட்ட இரண்டாவது துளையிலோ சுண்ணாம்பையே காணோம், களிமண்ணாகவே வந்துகொண்டிருந்தது. இது மேல்களியா, கீழ்க்களியா? மேல்களி என்றால் இன்னும் தோண்டலாம். கீழ்க்களி என்றால் அந்தப் பக்கம் சுண்ணாம்பே இல்லை. மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவள் தட்டில் கீழ்க்களிக்கு உரிய ஓடுகள் கொட்டிக் கிடந்தன. "கீழ்க்களிதான், நிறுத்திடுங்க" என்று மாலையில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் தட்டைக் கழுவ எடுத்தவள் எதற்கோ ஒருமுறை நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். ஓடுகளின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. பல பழுப்பேறியிருந்தன. தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு பெயர் உண்டு: விருந்தாளி. பழைய பாறை அரிபட்டு, அதிலிருந்த ஓடுகள் ஆற்றோடு உருண்டுவந்து புதிய சேற்றில் படிந்துவிடும். விருந்தாளிகள் கூட்டமாக வந்துவிட்டால் வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. இந்த மண்ணின் வீட்டுக்காரர்கள் இருந்தால், நுண்சல்லடையில் தங்கும் மாவு போன்ற பகுதியில்தான் இருப்பார்கள். அதை அவள் பார்க்கவேயில்லை. கண் எரிந்தது, பெரிய ஓடுகளே இத்தனை இருக்கும்போது போதுமென்று விட்டுவிட்டாள்.

இப்போது பார்த்தாள். நெடுநேரம் தூசியைத் தவிர எதுவும் இல்லை. பிறகு, கண்ணாடிபோல் மெல்லிய ஓடு ஒன்று, சிதையாமல். இன்னொன்று. இரண்டும் பின்னால் படிந்த மேல்களியின் ஓடுகள். விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனாலும் அது போதும். முன்பே பிறந்தவர் பின்னால் வரும் எந்தக் காலத்துக்கும் விருந்தாளியாகப் போகலாம். பிறக்காதவர் எங்கும் போக முடியாது.

தூரிகையைக் கீழே வைத்தாள். துளையை மூடிவிட்டால் கேள்வியும் அதோடு மூடிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் அவளுக்குத் தீயதாகக்கூடத் தோன்றவில்லை. வெறும் ஓய்வாகத் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தொலைபேசியை எடுத்துத் துளை போடும் மேஸ்திரியை அழைத்தாள்.

"மேஸ்திரி, மூடிட்டீங்களா?"

"சிமென்ட் கலக்கிட்டு இருக்கோம்கா. ஏன்?"

"நிறுத்துங்க. நான் சொன்னது தப்பு. அது மேல்களி."

"விளையாடுறீங்களா? பாதிக் குழாய உருவியாச்சு. ஆளுங்கல்லாம் மூட்டை கட்டிட்டானுங்க."

"விருந்தாளிங்களப் பாத்து ஏமாந்துட்டேன்."

"விருந்தாளியா? யார் வீட்டுக்கு?"

சொன்னாள். அவர் விடவில்லை. "நீங்க இப்பப் பாத்தது மேலேருந்து சரிஞ்சு விழுந்ததா இருக்கும். துளைன்னா அப்படித்தானே."

"நீங்க அனுப்பினது உருளையா அறுத்தெடுத்த மண்ணு. நான் எடுத்தது அதோட நடுவுலேருந்து. அதுக்குள்ள எப்படிப் போய் விழும்?"

"இதுவும் தப்பாப் போச்சுன்னா?"

"என் தலைய உருட்டுங்க."

"உங்க தலை எனக்கு எதுக்குக்கா? உருட்டப்போறது என் தலையத்தானே!"

ஆய்வுக்கூட இயக்குநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலும் தோண்ட அனுமதி தந்தார். வீட்டில் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "எங்கிட்ட வர்றவங்க ரிவர்ஸ் எடுக்கத்தான் நடுங்குவாங்க. நீ ஜம்முன்னு எடுத்துட்ட."

"எங்க போய் இடிக்கும்னு இன்னும் தெரியலையே."

"சாப்பிடு முதல்ல."

சாப்பாடு இறங்கவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் இறங்கவில்லை. துளையிலிருந்து வந்ததெல்லாம் அதே சாம்பல் நிறக் களிமண். ஒவ்வொரு உருளையையும் அலசி, நுண்பகுதிவரை பார்த்து, "இன்னும் மேல்களிதான், தோண்டுங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் குரல் சற்று இறங்கியது. மேஸ்திரி "சரிக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு ஒரு மதியம் அவரே அழைத்தார். இரைச்சலுக்கு மேல் கத்தினார். "வெள்ளையா வருதுக்கா! சுண்ணாம்பு! தண்ணியும் வருது, கலங்கலா!"

"வெள்ளையா இருந்தா அதே பாறைதான்னு இல்ல. மண்ணு அனுப்புங்க."

"அட, தண்ணியே வந்தாச்சு, இன்னும் என்ன பூச்சி பாக்கணும்?"

"அனுப்புங்க மேஸ்திரி."

தொலைபேசியை வைத்தாள். மகிழ்ச்சி வரும் என்று சற்று காத்திருந்தாள். வரவில்லை. மேசையில் கைகளை மடித்து, அவற்றின்மேல் நெற்றியைச் சாய்த்தாள். பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

"அக்கா, தூங்குறீங்களா?"

"இல்ல. எதையும் பாக்காம இருக்கேன்."