எலிக்கு எது இடது?

ஜெபா அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் குட்டி எலிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். கையிலிருந்த குட்டி விரலைக் கடித்த பிறகுதான் அதைக் கூண்டில் விட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி ஸ்லைடில் ஏற்றும் டெக்னீஷியன். முதல் நாள் சுவரோரம் ஒட்டி நின்ற என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ தாங்கலேன்னா சுவரு விழுந்திராது. இங்கன வா" என்றார்.

குட்டி எலிக்கு ஒரு பக்க உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, மறுபக்கத்தைத் தொடாமல் விட்டு, இரண்டும் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பது என் ஆய்வு. நரம்பில்லாத சுரப்பி சிறுத்துப்போகும் என்று எதிர்பார்த்தோம். சென்ற கோடையில் ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் மட்டும் தலைகீழாக, தொடாத பக்கம் சிறுத்து வந்தது.

அக்கா என் நோட்டைப் புரட்டினார். "எலிய மல்லாக்கப் போட்டுத்தான வெட்டுன? இதுல எழுதியிருக்க இடது உனக்கா, எலிக்கா?"

எனக்குத் தெரியவில்லை. நரம்பை வெட்டிய அன்று என் கைப்பக்கம் பார்த்தும், சுரப்பியை எடுத்த அன்று எலியின் பக்கம் பார்த்தும் எழுதியிருக்கலாம். லேபிளை மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும் என்றேன்.

"சரியாவுதா, உனக்குத் தோதா வருதா?"

ஆய்வேட்டுக்கு நாள் குறைவு. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் நான். பாதியில் திரும்பிப் போக முடியாது. ஆனாலும் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். வாசலில் நின்ற அக்கா, "சத்தமாச் சொல்லுட்டி, எனக்கே கேக்கல" என்றார். பேராசிரியர் சிரித்துவிட்டு, அந்த ஈற்றை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னார்.

புதிய ஈற்றின் ஸ்லைடுகளில் அக்கா வெறும் எண்களை ஒட்டினார். எது வெட்டிய பக்கம் என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "அளந்து முடி, பொறவு தாரேன். முன்னால தெரிஞ்சா உன் கண்ணு தோதான பக்கம் போவும்."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவர் மேசையிலிருந்ததாகச் சொல்லி அவர் கணவர் ஓர் உறையைக் கொடுத்தார். மேலே 'பட்டியல்' என்றும், ஒட்டிய இடத்தில் குறுக்காகவும் அக்காவின் கையெழுத்து.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நாளுக்குப் பத்துத் தடவை கை அதன்மேல் போகிறது. இன்னும் பதினொரு ஸ்லைடுகள் அளக்க வேண்டும். பிரிக்கவில்லை.