2006-ஆம் வருடத்துக் காசு

லெப்பைக்குடிக்காட்டு ஆண்கள் வளைகுடாவிலிருந்து அத்தரும் கம்பளியும் கொண்டுவருவார்கள். சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்த தாஜுதீனோ, டிரினிடாடு தீவுக்குப் போகிறபோதெல்லாம் அந்த வருடத்து ஒரு சென்ட் காசை உறையில் போட்டு மனைவி ஜைனம்புவுக்கு அனுப்புவார். வெண்கலக் காசு, ஒரு பக்கம் தேன்சிட்டு. அதற்கே அவளுக்கு அப்படியொரு பெருமை! வருட வரிசையில் அடுக்கி, களிம்பு பிடிக்காமல் துடைத்து வைப்பாள். காசு வரத் தாமதமானால் மனிதரைப் போனிலேயே வறுத்தெடுத்துவிடுவாள்.

2005-இல் தாஜுதீனோடு அந்தக் கப்பல் மூழ்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஜைனம்பு ஒரு வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருந்த அவள் தம்பி முகமது ஆசிக்குக்கு மனசு கேட்கவில்லை. இன்டர்நெட்டில் தேடி, அந்தத் தீவில் காசு சேர்க்கிற ஒருவரைப் பிடித்து, மறு வருடம் 2006 போட்ட காசை வரவழைத்தான்.

"தபால்ல வந்துச்சுக்கா" என்று உறையோடு நீட்டினான். வரிசையில் ஒன்று கூடினால் ஒரு வாய் சாப்பிடுவாள் என்று நினைத்தான், பாவி. அவளும் சாப்பிட்டாள். அன்றைக்கு அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த மாதம் ஜமாத்துப் பெரியவர்கள் வந்தார்கள். கம்பெனியே மரணச் சான்று அனுப்பிவிட்டது, இனி இத்தா இருக்க வேண்டும் என்றார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து துக்கம் காக்கிற கடமை அது.

ஜைனம்பு காசைத் தூக்கிக் காட்டினாள்.

"கப்பல் முங்குனது போன வருசம். காசுல இந்த வருசம் போட்டிருக்கு. மவுத்தானவரு தபால் போடுவாராங்க? உசுரோட இருக்கறவருக்கு இத்தா இருக்கச் சொல்றீங்களே, அல்லாவுக்கே அடுக்குமா?"

வந்தவர்கள் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மூலையில் நின்ற ஆசிக் அவர்களோடு சேர்ந்து வெளியே நழுவினான். அன்றிலிருந்து அவள் தினமும் புருஷனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். தபால்காரர் சைக்கிளைக் கண்டால் வாசலுக்கு ஓடினாள். எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அந்தத் தீவுல காசு சேக்கற ஒருத்தருக்கு எழுதி அந்தக் காச வரவழைச்சது நாந்தான். மச்சான் அனுப்பல. என்ன அடிச்சுக் கொன்னுபுடு."

அவள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. உலையில் கொதித்த சோற்றை இறக்கி வைத்தாள்.

"டவுனுக்குப் போயி வெள்ளச் சேல வாங்கியா. இத்தா இருக்கறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனான்.

"ஆசிக்" என்று கூப்பிட்டாள். "அந்தாளுக்கு எழுதி அடுத்த வருசத்துக் காசையும் வாங்கு. மச்சான் அனுப்புனாருன்னே சொல்லிக் குடுடா."