வைத்தியக்காரிக்குச் செய்த கவசம்

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். பால் வாங்கப் போனாலும் ‘வர்றேன்’தான். தவறிப்போய் ‘போறேன்’ என்றால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். அது திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல். ‘வர்றேன்’ என்பது வெறும் வழக்கம் என்று தெரிந்தும், அவன் சொன்னபோது நான் நம்பினேன்.

விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன். கோட்டக்குப்பத்து ஆள். மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் செல்போனில் ஒரு மாயாஜால விளையாட்டு ஆடுவோம். நான்கு பேர் கொண்ட படைக்குப் பார்ட்டி என்று பெயர். வாள்வீரனும் வில்லாளியும் என்னுடையவர்கள். வைத்தியக்காரியும் மந்திரவாதியும் அவனுடையவர்கள்.

துபாய்க்குக் கிளம்பியபோது அவன் வண்டி திண்டிவனம் பைபாஸில் டீக்கு நின்றது. என் வீடு பக்கம்தான் என்பதால் போய்ப் பார்த்தேன்.

“வர்றேன் மச்சான். எக்ஸ்பான்ஷன் வுட்டான்னா நாலு பேரையும் ஒண்ணா எறக்குறோம். அதுவரிக்கும் என் ஆளுங்களையும் பாத்துக்கினு இரு” என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

எக்ஸ்பான்ஷன் என்றால் விளையாட்டில் புதிதாகத் திறக்கும் நாடு. உச்ச லெவலைத் தொட்ட நான்கு பேர் சேர்ந்தால்தான் உள்ளே நுழையலாம். ரயிலில் நின்றுகொண்டே சதுப்பு நிலத்தில் மூலிகை பறித்தேன். டிராகன் செதில் கிடைத்ததும் என் வாள்வீரனை விட்டுவிட்டு அவனுடைய வைத்தியக்காரிக்குக் கவசம் செய்தேன். அவள் செத்தால் எல்லோரும் சாவோம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வேறு.

“பார்ட்டி ரெடியாவுது” என்று நான் போனில் அவனிடம் சொல்வதைக் கேட்டு என் மனைவி சண்டைக்கு வந்தாள்.

“யாருக்குங்க பார்ட்டி? குடிக்கிறதெல்லாம் வெளியவே வெச்சிக்கோங்க.”

விளக்கிச் சொன்னேன். “அவரு ஆளுங்களுக்கு நீங்க ஏன் ஆயா வேல பாக்குறீங்க?” என்றாள். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

புதிய நாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தது. பார்ட்டியில் என் ஆட்கள் இருவர் மட்டும் நின்றார்கள். மற்ற இரண்டு இடமும் காலி. நெட் சரியில்லை என்று மூடி மூடித் திறந்து பார்த்தேன், மடையன். பிறகு அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“மச்சான், செம்மயா ரெடி பண்ணி வெச்சிருக்கடா! என் ரூம்ல கீறவனுக்கும் ரெண்டு ஆளு இருக்கு. அவனோட சேந்து ஜல்தியா உள்ள பூந்துட்டேன். கவசத்த பாத்து அசந்துட்டான். உனக்கு அங்க வேற யாராச்சும் கெடப்பாங்க, பேஜாராவாத.”

கவசம் யார் செய்தது என்று அந்த ரூம்காரனிடம் சொன்னானா என்பது தெரியவில்லை. எரிச்சலைவிட அவமானம்தான் அதிகம். திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகள் கைவசம் இருந்தன, ஒன்றையும் அனுப்பவில்லை.

“நான் போறேன்” என்று மட்டும் டைப் செய்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: “ஓகே மச்சான், போய்ட்டு வா.”