காருக்குத் தொண்டை வைத்த ரெங்கசாமி

தட்டுவார், காதைக் கொடுப்பார், பிறகுதான் வாயைத் திறப்பார். இரும்போ பித்தளையோ, முதலில் வலக்கை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. போன வருடம் கோயிலுக்கு வாங்கிய வெண்கல மணியையும் அப்படித்தான் தட்டிப் பார்த்து, "ஒதட்டுல கீறலு இருக்கு. சாமிக்குக் கேக்கும், நமக்குக் கேக்காது" என்றார். பூசாரி முறைத்தார். மூன்றாம் பூசையில் மணி இரண்டாகப் பிளந்து பூசாரியின் கால்மாட்டில் விழுந்தது. வீட்டில் சோற்றுப் பானையைத் தட்டியே எத்தனை அகப்பை மிச்சம் என்று சொல்லிவிடுவார் என்றும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பேச்சு உண்டு. "எத்தனைன்னு தெரியாதுங்க. எனக்குப் பத்தாதுன்னு மட்டுந்தான் தெரியும்" என்று அதை மறுக்கிறார் ரெங்கசாமி.

அவர் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்து ஃபிட்டர். இலங்கையின் பதுளை மலையில், ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும் உயரத்தில் இருக்கிறது ஆனைக்கல். அங்கே கொழுந்தை உலர்த்தித் தூளாக்கும் ஸ்டோரின் எஞ்சின், அடுப்பு, வார்ப்பட்டை எல்லாம் இவர் கைக்குள். ஒல்லி உடம்பு. இடப்புருவத்தில் பாதியை அடுப்பு தின்றுவிட்டது. தலையில் சிவப்புக் கட்டம் போட்ட முண்டாசு.

முண்டாசைப் பற்றி நிறுத்திச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரத் தொரை எதிரில் வந்தால் ஆண்கள் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வது தோட்டத்து வழக்கம். ரெங்கசாமி அவிழ்க்க மாட்டார். "தலையில நெருப்புப் புண்ணு இருக்குங்க, காத்துப் பட்டா சீப்புடிக்கும்" என்பார். புண் ஆறி ஆறு வருடமாகிறது. தோட்டத்தை ஆளும் பெரியதொரைமார் இரண்டு பேர் மாறிப் போனார்கள். புண் மட்டும் பதவியில் நீடிக்கிறது.

இனி கார். பெரியதொரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதொரைக்கு இருபத்துநான்கு வயது. முன்பெல்லாம் குதிரையில் வருவார். குளம்புச் சத்தம் அரை மைலுக்கு முன்பே கேட்கும், கொழுந்தெடுக்கும் பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். பிறகு கொழும்பிலிருந்து, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்புப் பந்தயக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குக் குதிரையின் மரியாதை தெரியாது. மேட்டின் தலைப்பில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் பூனையாக உருண்டு வரும்.

அப்படி வந்த ஒரு நாளில்தான், ஏழாம் நம்பர் மலையில், வேலை நேரத்தில் வாகை மரத்தடியில் தொட்டிலை இறக்கி ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமியின் பாதத்தருகே கார் நின்றது. பாக்கியலெட்சுமி ரெங்கசாமியின் மனைவி. மறுநாள் காலை பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அந்தத் திடலில், இருநூறு பேர் பார்க்க அவளை மட்டும் தனியே நிற்க வைத்தார்கள். வெயில் ஏறும் வரை நின்றாள். பால் கட்டிச் சேலை நனைந்தது. ரெங்கசாமி ஸ்டோர் வாசலிலிருந்து பார்த்தார். அன்று முழுக்க அவர் எதையுமே தட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. பண்டாரவளை வரை ரயிலில், அங்கிருந்து மாட்டு வண்டியில். உள்ளே வைக்கோலுக்கு நடுவில், சின்னதொரை தன் காருக்கென்று ஆசைப்பட்டு வரவழைத்த புதுப் புகைக்குழாய். ஆள் நீளம், நடுவில் பானை போல ஒரு வயிறு, கடைசியில் விரித்த மீன் வால். பதுளையில் யாரும் மாட்டத் துணியவில்லை. காரின் வாயில் மூன்று ஆணி, குழாயின் கழுத்தில் நான்கு ஓட்டை. "கொழும்புக்குத்தான் அனுப்பவேணும்" என்று கைவிரித்தார்கள்.

ரெங்கசாமி குழாயைத் தட்டினார். காதை வைத்தார். "கொழும்பு எதுக்குங்க? கழுத்துதானே ஒத்துக்கல. வேற கழுத்து வச்சிருவோம்."

பழைய கொதிகலன் தகட்டிலிருந்து வளையம் வெட்டி, ஒரு பக்கம் மூன்று ஓட்டை, மறு பக்கம் நான்கு ஓட்டை போட்டார். இடையில் செம்பு வளையம். புகை கசியாமலிருக்க, தேயிலை அடுப்பின் கதவுக்குச் சுற்றும் கல்நார்க் கயிறு. காரின் அடிவயிற்றில் குழாயைக் கம்பி கொண்டு கட்டவில்லை. குலுக்கலில் கம்பி அறுந்துவிடும் என்று, எஞ்சின் வார்ப்பட்டையில் இரண்டு முழம் நறுக்கித் தூளி கட்டித் தொங்கவிட்டார். துருவேறியிருந்த பழைய குழாயை நாலாக வெட்டித் தன் லயத்து அடுப்புக்குப் புகைபோக்கியாக்கிக்கொண்டார். அந்த வரிசையிலேயே கண் கரிக்காமல் சமைக்கிறவள் இன்று பாக்கியலெட்சுமி ஒருத்திதான்.

எஞ்சினைக் கிளப்பியதும் சின்னதொரையின் முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவுதானா, மேன்? என் சிநேகிதன் கார் சிங்கம் மாதிரி கத்தும்!"

"சிங்கம் உள்ளதான் இருக்குங்க. வாயில துணிய வச்சு அடைச்சிருக்கான்." குழாயின் வயிற்றைத் திறந்து, உள்ளே குறுக்கே நின்ற ஓட்டைத் தகடுகள் மூன்றையும் உருவினார். "இப்பக் கேளுங்க."

கேட்டது. பதுளைக் கடைத்தெருவில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த மர்ஸூக்கின் தராசு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. பெரகலையில் ஒரு கிழட்டு எருமை பத்து வருடத்துக்குப் பிறகு ஓடியது. ஹப்புத்தளைப் பக்கத்து மேகம் ஒன்று பயந்து மழையை அங்கேயே கொட்டிவிட்டது. சின்னதொரை ரெங்கசாமியின் முதுகில் அறைந்து சிரித்தார். அதன்பின் சரிவில் எஞ்சினை அணைப்பதே இல்லை. அவ்வளவு இனிய ஓசையை அணைக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்? ரெங்கசாமி அதையும் தட்டிப் பார்த்துத்தான் வைத்திருந்தார்.

கார் ஸ்டோரைத் தாண்டும்போதே ஏழாம் நம்பர் மலையில் தொட்டில்கள் மேலேறிவிடும், வெற்றிலைகள் வாய்க்குள் போய்விடும். ஓய்ந்து உட்கார்ந்த முதுகெல்லாம் நிமிர்ந்து நிற்கும். நான்கு மாதம் ஒருத்திகூட அகப்படவில்லை. அந்தத் தகடுகளில் பாக்கியலெட்சுமி கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்களை மேய்க்கும் பெரியகங்காணி நல்லையாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இது காருங்களா, தொரை? பொம்பளையாளுகள உசார்ப்படுத்த அடிக்கிற தப்பு மேளங்க!" என்று பெரியதொரையிடம் ஓதிவிட்டார். பெரியதொரை ஸ்டோருக்கே வந்தார்.

"ரெங்கசாமி! தகடு போடு. பழையபடி சத்தம் இல்லாமல் பண்ணு. இல்லை, உனக்கும் பெண்சாதிக்கும் பத்துச்சீட்டு." பத்துச்சீட்டு என்றால் கணக்கை முடித்து ஆளைத் தோட்டத்தைவிட்டே அனுப்பும் சீட்டு. லயத்து அறையும் அதோடு போகும்.

"போடுறேங்க. போட்டா மூச்சு முட்டும். ரெண்டு பேரு ஒக்காந்து ஏழாம் நம்பர் மேட்டுல ஏறாது. ஏறிச்சுன்னா சீட்ட நானே கேட்டு வாங்கிக்கிறேன். ஏறலைன்னா, அந்தத் தகடு இனிமே காருக்குள்ள போகக்கூடாதுங்க."

"தொரைகிட்டயே பந்தயமாடா?" என்று நல்லையா பாய்ந்தார்.

"ஒங்ககிட்ட கட்டுனா நீங்க நடந்துல்ல ஏறுவீங்க, கங்காணியாரே."

பெரியதொரை தன் தொப்பியை மேசையில் வைத்தார். "நாளைக்கு நானே உட்காருகிறேன்."

வீட்டில் பாக்கியலெட்சுமி தலையில் கை வைத்தாள். "கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எந்தத் தோட்டத்துக்குங்க போறது? ஒங்க வாய்க்கு ஒரு தகடு போட ஆளில்லையா?"

"ஒன்னைய நிக்க வச்ச அன்னிக்கு வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன். என்னத்தக் கண்டோம்?"

பானையிலிருந்து தகடுகளை எடுத்தாள். ஒட்டியிருந்த மாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கொடுக்கும்போது, "நல்லா இறுக்கி மாட்டுங்க" என்றாள்.

மறுநாள் காலை, நல்லையா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவே மூன்று தகடுகளையும் மாட்டினார். மூன்றின் ஓட்டைகளும் நேருக்கு நேர் நின்றனவா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

பெரியதொரை மூன்று தேயிலைப் பெட்டிப் பாரம். அவர் ஏறியதும் சிவப்புக் கார் ஒரு பக்கம் உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல் புறப்பட்டது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு தாண்டியது. ஏழாம் நம்பர் மேட்டில், வாகை மரத்துக்கு எட்டடி கீழே, இருமியது, விக்கியது, நின்றது. சின்னதொரை மறுபடி மறுபடி முடுக்கினார். கரும்புகை வந்ததே தவிரக் கார் நகரவில்லை.

"தள்ளுங்க! எல்லாரும் வந்து தள்ளுங்க!" என்று நல்லையா மலையைப் பார்த்துக் கத்தினார்.

நாற்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை. மூத்தவளான இராக்கம்மா மட்டும் பதில் சொன்னாள்: "கொழுந்தெடுக்கத்தானுங்க பேரு போட்டிருக்கு. காரு தள்ளுறதுக்குப் பெரட்டுல பிரிக்கலீங்களே!"

ஆளனுப்பி ரெங்கசாமியை வரவழைத்தார்கள். அவர் ஓடி வரவில்லை. கையில் திருகுசாவியோடு, வளைவு வளைவாக, நிதானமாக ஏறி வந்தார். வந்ததும் குழாயை ஒரு தட்டு. காதை வைத்தார். வாகை மரத்துத் தொட்டிலில் குழந்தை பசித்து அழுதது.

பெரியதொரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நல்லையாவைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "சரி. தகட்டை எடுத்துவிடு" என்றார். "இனிமேல் போடவேண்டாம்."

ரெங்கசாமி கையைத் தலைக்குக் கொண்டுபோய் முண்டாசை அவிழ்த்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. தனக்குத்தான் அந்த மரியாதை என்று பெரியதொரை தலையை லேசாக அசைத்தார். ரெங்கசாமி அவரைக் கடந்து போனார். வாகை மரத்தடியில் ஈரப் புல்லின் மேல் துணியை உதறி விரித்தார். தொட்டிலை இறக்கினார். நிரையில் நின்ற மனைவியைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார். அவள் கூடையைக் கழற்றிவிட்டு வந்து, உட்கார்ந்து, குழந்தையை மடியில் எடுத்துக்கொண்ட பிறகுதான் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.